வைத்தியனும் வாணியனும்: பனிக்காலச் சருமப் பாதுகாப்பின் வரலாறு

மார்கழியும் தையும் முன்பனிக் காலம் என்றும், மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்றும் பகுத்து வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். கோடை வெப்பத்திற்குப் பெயர்பெற்ற நம் திருவண்ணாமலையிலும் மழை ஓய்ந்தபின் வாடைக்காற்று வீசத் தொடங்கிவிடும். அந்நாட்களில் சுப்ஹுத் தொழுகைக்கு வருவோர் ஹவுளின் குளிர்ந்த நீரில் உளூச் செய்யும்போது, முதியோர் பலருடைய கால்களில் சாம்பல் பூத்தாற்போன்ற வறட்சியையும், குதிகால்களில் பித்தவெடிப்பையும் காணலாம். பனி போனால் இதுவும் போய்விடும் என்று நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. நம் முன்னோர் இதனை இவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது. அவ்வரலாற்றில் நம் வட்டாரத்து விளைபொருள்களுக்கும் ஓர் இடம் உண்டு.

எள்ளும் செக்கும்

எள்ளின் நெய்யே எண்ணெய். முதலில் நல்லெண்ணெயை மட்டுமே குறித்த அச்சொல், காலப்போக்கில் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. சிந்துவெளி நகரமான ஹரப்பாவின் அகழாய்வில் கருகிய எள் கிடைத்துள்ளது. எனவே இந்நாட்டு மக்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எள்ளை அறிந்திருந்தனர் என்பது தெளிவு. சோழர் காலக் கல்வெட்டுகளில் எண்ணெய் வணிகரான சங்கரப்பாடியாரைப் பற்றிய குறிப்புகளும், செக்குகளின்மீது விதிக்கப்பட்ட 'செக்கிறை' என்னும் வரியும் காணப்படுகின்றன. அரசு தனி வரி விதிக்கும் அளவிற்குச் செக்குத் தொழில் வேரூன்றியிருந்தது.

விளக்கெரிக்கவும் சமைக்கவும் பயன்பட்ட அதே எண்ணெய் உடலுக்கும் காப்பாயிற்று. நான்கு நாட்களுக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைச் சித்த மருத்துவம் நலவாழ்வு ஒழுக்கமாகவே விதித்தது. 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்னும் பழமொழி, மருந்துக்குச் செலவிடுவதினும் எண்ணெய்க்குச் செலவிடுவது மேல் என்று கூறுகின்றது. எண்ணெய் தேய்த்தபின் சீயக்காயும் பயற்றம்மாவும் கொண்டு குளித்தனர். அவை அழுக்கையும் மிகையான எண்ணெயையும் அகற்றி, மெல்லியதொரு பூச்சைத் தோலின்மீது விட்டுவைத்தன.

மெழுகும் எண்ணெயும்

பிற நாட்டு மருத்துவர்களும் இதே வழியைக் கண்டனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன், தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் உருக்கி நீருடன் குழைத்துச் செய்த களிம்பே இன்றைய கிரீம்களுக்கெல்லாம் முன்னோடி என்பர். அவ்வறிவைப் பேணி வளர்த்தவர்கள் அரபு மொழியில் எழுதிய மருத்துவ மேதைகள் ஆவர். மெழுகும் எண்ணெயும் கலந்த களிம்பு யூனானி மருத்துவத்தில் இன்றும் 'கைரூத்தி' என்றே வழங்குகின்றது. குர்துபா நகரின் அருகே வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அல்-ஸஹ்ராவி (கி.பி. 936–1013), தமது 30 பகுதிகள் கொண்ட 'அத்-தஸ்ரீஃப்' நூலில் ஒரு பகுதி முழுவதையும் நறுமணப் பொருள்களுக்கும் உடல் அழகுப் பராமரிப்புக்கும் ஒதுக்கினார். உயிர்காக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி எழுதிய கை, தோலின் நலத்தையும் மருத்துவத்தின் ஓர் அங்கமாகவே கருதி எழுதியது.

மல்லாட்டை கடல் கடந்த கதை

நம் வட்டாரத்தில் 'மல்லாட்டை' என்று வழங்கும் மணிலாக்கொட்டை, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்காட்டு மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இது பெருமளவில் பரவியது. இன்றும் திருவண்ணாமலை மாவட்டம் மணிலா சாகுபடியில் தமிழகத்தின் முன்னணி மாவட்டங்களுள் ஒன்று. அக்காலத்தில் இப்பகுதி மணிலா, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு நாட்டின் மார்சேல் நகருக்குக் கப்பலேறியது. அங்கே அதன் எண்ணெய் சோப்புத் தொழிலுக்குப் பயன்பட்டது.

பின்னர் சோப்பு நம் இல்லங்களுக்குள்ளும் நுழைந்தது. 1888ஆம் ஆண்டளவில் சன்லைட் சோப்பு கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கியது. 1916இல் மைசூர் அரசு பெங்களூரில் சந்தன சோப்புத் தொழிற்சாலையை நிறுவியது. சீயக்காய் இருந்த இடத்தில் சோப்பு அமர்ந்தது. எண்ணெய் முழுக்கு மெல்லமெல்லப் பண்டிகை நாள் வழக்கமாகச் சுருங்கியது. நம் மண்ணின் எண்ணெயை விலைக்கு விற்றுவிட்டு, நம் தோலில் எஞ்சியிருந்த எண்ணெயையும் அகற்றும் பொருளை விலைக்கு வாங்கினோம் என்றால் மிகையாகாது.

வாசலினும் போரோலினும்

அதே காலத்தில் நிலத்தடி எண்ணெயிலிருந்தும் ஒரு களிம்பு பிறந்தது. 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள எண்ணெய்க் கிணறுகளைக் காணச் சென்ற இராபர்ட் செஸ்பரோ என்னும் வேதியியலாளர், தொழிலாளர்கள் துளையிடும் கம்பிகளில் படிந்த பிசுக்கைத் தங்கள் காயங்களில் பூசிக்கொள்வதைக் கண்டார். அதனைத் தூய்மைப்படுத்தி 1872இல் 'வாசலின்' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1929இல் கல்கத்தாவின் கௌர் மோகன் தத்தா 'போரோலின்' களிம்பைத் தயாரித்தார். அன்னியப் பொருள்களுக்கு மாற்றாகச் சுதேசி உணர்வில் பிறந்த அப்பச்சைக் குழாய், பனிக்காலத்தில் இன்றும் பல வீடுகளில் காணப்படுகின்றது.

அறிவியல் கூறுவது

தோலின் மேலடுக்கை ஒரு சுவருக்கு ஒப்பிடுவர் அறிவியலார். செல்கள் செங்கற்கள், அவற்றை இணைக்கும் கொழுப்புப் பொருள்கள் சாந்து. அச்சாந்து குறைந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறித் தோல் வறண்டு வெடிக்கும். பனிக்காலத்தில் காற்றின் ஈரம் குறைகின்றது. வியர்வையும் எண்ணெய்ச் சுரப்பும் குறைகின்றன. குளிருக்கு அஞ்சிக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிக்கிறோம். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது என்பதை 1928இல் ஜெர்மானிய மருத்துவர்கள் விளக்கினர். காரத்தன்மை கொண்ட சோப்பு அவ்வியல்பைக் குலைக்கின்றது.

பழைய வழக்கத்திற்கு ஆய்வுகளும் துணை நிற்கின்றன. 2004இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், வறண்ட சருமத்திற்குத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெய்க்கு நிகராகப் பயன் தந்தது. 2005இல் வெளியான டாக்கா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில், மருத்துவமனையில் தொற்றும் கிருமி நோய்கள் 41 விழுக்காடு குறைந்தன. தோல் என்னும் சுவர் உறுதியாக இருப்பது உயிர்காக்கும் செய்தி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நமக்குரிய பாடம்

இன்று இதனை நாம் கருத்தில் கொள்ள வேண்டிய காரணம் சர்க்கரை நோய். இந்நோய் நீடித்தவர்களின் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன, வியர்வையும் நின்றுவிடுகின்றது. வறண்ட குதிகாலில் விழும் வெடிப்பு வலிப்பதில்லை. வலியில்லாத வெடிப்பு கவனிக்கப்படாமல் புண்ணாகி, விரலையோ காலையோ இழக்கும் நிலைக்கும் கொண்டுசென்றுவிடும். அத்தகையோர் நாள்தோறும் தம் பாதங்களைக் கண்ணால் பார்ப்பதும், பார்வை குறைந்தோருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்வதும் கடமையாகும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. வறட்சியால் உண்டாகும் அரிப்புக்குக் கடைகளில் கேட்டு வாங்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அரிப்பை உடனே அடக்கும் அது, நாளடைவில் தோலை மெலியச் செய்து படர்தாமரையையும் வளர்த்துவிடும். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018இல் நடுவண் அரசு ஆணையிட்டதும் இதனாலேயே ஆகும்.

செய்ய வேண்டியவை எளியவை. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, சோப்பைத் தேவையான இடங்களுக்கு மட்டும் பயன்படுத்துதல் வேண்டும். குளித்து மூன்று நிமிடங்களுக்குள், ஈரப்பதம் உள்ளபோதே, தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் அவ்வீரம் தோலுக்குள் தங்கும். உளூவுக்குப் பின் கால்களை நன்கு துடைக்க வேண்டும். குறிப்பாக விரல் இடுக்குகளை உலர்த்த வேண்டும். அவ்விடுக்குகளில் எண்ணெய் பூசலாகாது. ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். இரவில் குதிகால்களுக்குக் களிம்பு பூசிக் காலுறை அணிவது நன்று. வெடிப்பில் இரத்தமோ சீழோ கண்டால் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும்.

மரச்செக்கு எண்ணெய்க் கடைகள் நம் ஊர்த் தெருக்களில் மீண்டும் தோன்றியுள்ளன. சமையலுக்கென வாங்கும் எண்ணெயில் ஒரு கரண்டி, பனிக்காலம் முடியும்வரை வீட்டுப் பெரியவர்களின் கால்களுக்கும் ஒதுக்கப்படட்டும். அதனைத் தம் கையாலேயே தேய்த்துவிடும் பிள்ளைகள், வெடிப்பைப் புண்ணாகும் முன்பே கண்டுகொள்வார்கள். வாணியனுக்குக் கொடுக்கும் அச்சிறு தொகை, வைத்தியனுக்குக் கொடுக்க வேண்டிய பெருந்தொகையை மிச்சப்படுத்தும்.