இறந்த பின் வரும் மதிப்பு: ஊதியமற்ற இல்லப்பணியும் பெண்ணொடுக்குமுறையும்

1. சிக்கல்

சாலை விபத்தில் ஓர் இல்லத்தரசி உயிரிழந்தால் இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவருடைய மாத வருமானத்தைக் கணக்கிடத் தொடங்குகிறது. உயிரோடிருந்த நாள்வரை அவருக்கு அப்படியொரு வருமானம் இருந்ததில்லை. சமைத்தது, துவைத்தது, பிள்ளைகளை வளர்த்தது, நோயுற்ற மாமியாருக்குப் பணிவிடை செய்தது எல்லாவற்றுக்கும் இப்போது ஒரு தொகை மதிப்பிடப்பட்டு, அவரை இழந்தவர்களுக்கு வழங்கப்படுகிறது. இழந்தவர்களுக்கு அது கிடைப்பது நியாயமே. ஆனால் அதே உழைப்பை அவர் செய்துகொண்டிருந்த ஆண்டுகளில் அதன் பயனில் தமக்கும் பங்கு உண்டென்று கேட்க அவருக்குத் தெளிவான சட்டவழி இருக்கவில்லை.

இல்லப்பணிக்குப் பொருளியல் மதிப்பு உண்டு என்பதை இந்தியச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அம்மதிப்புக்கு முதல் உரிமையாளர் உழைத்த பெண்ணே என்பதை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. இந்த இடைவெளியைக் கருணைக் குறைவாகவோ சட்டத்தின் கவனப்பிசகாகவோ கொள்ள முடியாது. அரசியல் மெய்யியல் ஒடுக்குமுறை என்று வரையறுப்பதன் இலக்கணம் முழுவதும் அதற்குப் பொருந்துகிறது. அதைக் களையப் பணம் மட்டும் போதாது. நேரமும் சொத்தும் பகிரப்பட வேண்டும். இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் வாதம்.

2. நீதிமன்றம் கண்ட மதிப்பு

1989 மார்ச்சில் ஜாம்ஷெட்பூரில் நிகழ்ந்த பந்தல் தீ விபத்து வழக்கில், இறந்த இல்லத்தரசிகளின் பணி ஆண்டுக்கு 12,000 ரூபாய் என முதலில் மதிப்பிடப்பட்டது. அது மிகக் குறைவு என்று கண்ட உச்ச நீதிமன்றம், 2001இல் அதை 36,000 ரூபாயாக உயர்த்தியது. 2010இல் மற்றொரு விபத்து வழக்கில், வீட்டுவேலை செய்யும் பெண்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிச்சையெடுப்போர், கைதிகள் முதலானோருடன் சேர்த்து ‘உழைக்காதோர்’ பட்டியலில் வைத்திருப்பதை நீதிபதி அசோக் குமார் கங்குலி கடுமையாகச் சாடினார்.

2021 சனவரியில் வந்த தீர்ப்பில் நீதிபதி என்.வி. ரமணா தனியே எழுதிய கருத்துரை இன்னும் ஒரு படி முன்னே சென்றது. அது சுட்டிக்காட்டியபடி, 2011 கணக்கெடுப்பில் வீட்டுவேலையையே முதன்மைப் பணியாகக் கூறிய பெண்கள் ஏறத்தாழ 16 கோடிப் பேர். அவ்வாறு கூறிய ஆண்கள் 58 இலட்சத்துக்கும் குறைவு. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடுவோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். ஈடுபடுவோரின் விகிதமே வேறு: பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடு.

இத்தீர்ப்புகள் பெண்ணின் உழைப்பைக் கண்ணுக்குப் புலனாக்கின என்பதில் ஐயமில்லை. ஆயினும் உயிரிழப்பு வழக்குகளில் இழப்பீட்டுச் சட்டத்தின் தன்மை காரணமாக, அவ்வுழைப்பு ‘பிறர் அடைந்த இழப்பு’ என்ற வடிவில் மட்டுமே அங்கே தோன்ற முடிகிறது. உழைத்தவரின் உரிமைக் கோரிக்கையாக அது எழ இடமில்லை. கோரிக்கை எழும் நேரத்தில் அவர் இல்லை.

3. இது ஏன் ஒடுக்குமுறை?

துன்பம் எல்லாம் ஒடுக்குமுறை ஆகாது. பெண்ணிய மெய்யியலாளர் மெரிலின் ஃப்ரை 1983இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில் இந்த வேறுபாட்டைத் தெளிவுபடுத்தினார். கூண்டின் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் பறவை ஏன் பறந்துபோகவில்லை என்பது விளங்காது. கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிய அமைப்பைப் பார்த்தால்தான் விளங்கும். இல்லத்தரசியின் நிலையும் அத்தகையதே. பெண்ணுக்குக் கூலி குறைவு. ஆகவே குழந்தை பிறந்ததும் வேலையை விடுபவள் அவளாகிறாள். வேலையை விட்டதால் தனி வருமானம் இல்லை. வருமானம் இல்லாததால் வீட்டு முடிவுகளில் அவள் குரல் தாழ்கிறது. குரல் தாழ்ந்ததால் வேலைப் பங்கீட்டை மாற்றக் கோரும் வலுவும் அவளிடம் இல்லை.

அரசியல் மெய்யியலாளர் ஐரிஸ் மேரியன் யங் 1990இல் ஒடுக்குமுறையின் ஐந்து முகங்களை வகுத்தார்: சுரண்டல், ஓரங்கட்டல், அதிகாரமின்மை, பண்பாட்டு ஆதிக்கம், வன்முறை. ஒரு குழுவின் உழைப்பின் பலன் இடையறாது மற்றொரு குழுவைச் சென்றடைவதே அவர் கூறும் சுரண்டல். இதற்குக் கொடுமைக்காரக் கணவன் தேவையில்லை. அன்பான கணவரும், சூடாகச் சோறும் துவைத்த சட்டையும் தயாராக இருப்பதால், தம் முழு நேரத்தையும் ஊதியப் பணிக்குக் கொடுக்க முடிகிறது. பதவி உயர்வு, ஓய்வூதியம், அவர் பெயரில் பதிவாகும் வீட்டுமனை ஆகிய அனைத்திலும் மனைவியின் உழைப்பு கலந்திருக்கிறது. தனிமனிதரின் தீய எண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தால் இந்த இடமாற்றம் நம் கண்ணில் படவே படாது.

நீதிக் கோட்பாடே நெடுங்காலம் இதைக் காணத் தவறியது. மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டில் சமூக ஒப்பந்தம் செய்வோர் குடும்பத் தலைவர்களாகக் கருதப்பட்டார்கள். குடும்பத்துக்குள் நீதி நிலவுகிறதா என்ற வினா அதனால் எழாமலே போயிற்று என்று பெண்ணிய அரசியல் கோட்பாட்டாளர் சூசன் மோலர் ஓக்கின் 1989இல் சுட்டிக்காட்டினார். மணவாழ்விலிருந்து விலகினால் யார் அதிகம் இழப்பார் என்பதே உறவுக்குள் யாருடைய சொல் எடுபடும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது அவர் காட்டிய உண்மை.

4. மூன்று மறுப்புகள்

‘இது அன்பு, இதற்குக் கணக்குப் பார்க்கலாமா?’ என்பது முதல் மறுப்பு. அன்பு உண்மையானதே. ஆனால் அன்பால் செய்யப்பட்டது என்பதற்காக உழைப்பு உழைப்பில்லாமல் போய்விடாது. பிறரைப் பேணுபவர், பேணும் காரணத்தினாலேயே தாமும் பிறரைச் சார்ந்தவராகிறார் என்று மெய்யியலாளர் ஈவா கிட்டே விளக்கியிருக்கிறார். அத்தகையவரைத் தாங்குவது சமூகத்தின் கடன். மேலும், அன்பு இரு பாலார்க்கும் பொதுவாயிருக்க, அதன் வேலைச்சுமை மட்டும் ஒரு பாலார்மீது விழுவது ஏன் என்ற கேள்விக்கு இம்மறுப்பில் விடையில்லை.

‘அவளே விரும்பித்தானே ஏற்றாள்?’ என்பது இரண்டாம் மறுப்பு. குடும்பத்தின் நலனிலிருந்து தன் நலனைப் பிரித்துப் பார்க்காத பெண்ணின் மனநிறைவை நீதிக்குச் சான்றாகக் கொள்ள முடியாது எனப் பொருளியலாளர் அமர்த்தியா சென் வாதிட்டார். இதனால் அப்பெண் அறியாதவள் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. இருவரில் ஒருவர் வேலையை விட்டே ஆகவேண்டும் என்றால் குறைந்த சம்பளக்காரர் விடுவது அறிவார்ந்த முடிவுதான். குறை அவளது பகுத்தறிவில் இல்லை. அவள் முன் வைக்கப்பட்ட வாய்ப்புகளின் அமைப்பில் இருக்கிறது.

கூலி தீர்வாகாது என்னும் மூன்றாம் மறுப்பு பெண்ணியத்துக்குள்ளிருந்தே எழுந்தது, மூன்றிலும் வலியது. மரியரோசா டல்லா கோஸ்டா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி முதலியோர் 1972இல் தொடங்கிய இயக்கம், வீட்டுவேலைக்குக் கூலி கேட்டது. கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் ஏஞ்சலா டேவிஸ் 1981இல் இதை மறுத்தார். கூலி கொடுப்பதால் பெண் வீட்டுக்குள்ளேயே நிலைநிறுத்தப்படுவாள். கூலிக்கு வீட்டுவேலை செய்த கறுப்பினப் பெண்களுக்கு அந்தக் கூலி விடுதலை தந்ததா என்று அவர் வினவினார். சாதிச் சமூகத்தில் இவ்வினா இன்னும் கூர்மையாகிறது. வசதியுள்ள வீட்டுப் பெண் தன் சுமையை இறக்கிவைப்பது பெரும்பாலும் ஏழைப் பெண்ணின் தோளில்தான். வீட்டுவேலைத் தொழிலாளிக்குத் தனிக் குவளை வைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பெண்களுக்குள்ளேயே கைமாறும் சுமையை விடுதலை என்று கொண்டாட முடியாது.

5. தொகை, நேரம், சொத்து

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கியது. பெண்களின் ஊதியமற்ற உழைப்பை ஏற்பதும் இதன் நோக்கம் என அரசு அறிவித்தது. பெண்ணின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் சேரும் பணம் அவளுக்குத் தரும் தற்சார்பு சிறிதன்று. ஆயினும் குடும்ப வருமான உச்சவரம்பு வைத்து வழங்கப்படுவது வறுமைத் தணிப்பாகவே செயல்படும். உழைப்புக்குரிய உரிமை என்றால் உழைத்தோர் அனைவர்க்கும் அது உரியது. டேவிஸின் எச்சரிக்கையும் இங்கே பொருந்தும்: தொகை வந்ததால் மட்டும் அந்த 299 நிமிடம் குறைந்துவிடாது.

நேரத்தைக் குறைப்பவை பொதுச் சேவைகள். 2022இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பயன் பொதுவாகக் குழந்தைகளின் ஊட்டச்சத்தைக் கொண்டு அளக்கப்படுகிறது. விடியலில் கூலிவேலைக்குக் கிளம்பும் தாயின் ஒரு வேளைச் சமையலைப் பொதுச் சமையற்கூடம் ஏற்றுக்கொள்கிறது என்பதும் அதன் பயனே. அங்கன்வாடியும் முதியோர் பகல்நேரக் காப்பகமும் அவ்வாறே. ஆனால் அங்கே பணியாற்றும் பெண்களுக்கு நியாயமான ஊதியம் இருக்க வேண்டும். ஒன்றிய அரசின் திட்டம் அங்கன்வாடிப் பணியாளரை இன்றும் மதிப்பூதியம் பெறுவோராகவே வைத்திருப்பது, வீட்டுக்குள் நிகழும் சுரண்டலை அரசே மறுபடி நிகழ்த்துவதாகும்.

சொத்துரிமையில் தமிழ் நிலத்துக்கு நீண்ட மரபு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை கோரியது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல், தமிழ்நாடு மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சமபங்கு அளித்தது. நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. ஆனால் அவையெல்லாம் மகளுக்கான பிறப்புரிமை. உழைப்பின் அடிப்படையிலான மனைவியின் உரிமையை 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்துரைத்தது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்த காலத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்த மனைவிக்கு, அவ்வருவாயில் வாங்கிய சொத்தில் சமபங்கு உண்டு என்றது நீதிபதி கிருஷ்ணன் ராமசாமியின் தீர்ப்பு. இழப்பீட்டுத் தீர்ப்புகள் பிறருக்கு வழங்கியதை இது உழைத்தவருக்கே வழங்குகிறது. எனினும் ஒரு வழக்கின் தீர்ப்பு, தெளிவான சட்டத்துக்கு ஈடாகாது.

6. முடிவு

1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வீட்டுவேலையையும் வெளிவேலையையும் ஒருநாள் நிறுத்தினார்கள். தங்கள் உழைப்பின் மதிப்பை அவர்கள் உயிரோடிருந்தே காட்டினார்கள். அடுத்த ஆண்டே அந்நாட்டில் பாலினச் சமத்துவச் சட்டம் வந்தது. நாம் மதிப்பை ஏற்கெனவே கணித்துவிட்டோம்; தீர்ப்புகளில் அது எண்ணாகவே இருக்கிறது. மணவாழ்வின்போது சேர்ந்த சொத்தில் மனைவிக்குச் சமபங்கைச் சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் சட்டமாக்க வேண்டும். பேணுதலைப் பொதுப் பொறுப்பாக்கி, அதைச் செய்வோருக்கு முழு ஊதியம் தர வேண்டும். வீட்டில் ஆண்கள் ‘உதவி’ செய்வதை விட்டு, தம் பங்கைச் செய்ய வேண்டும். உழைத்தவர் உயிரோடிருக்கும்போதே அவருக்கு உரியதைக் கொடுக்காத சமூகம், நீதியுள்ள சமூகம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளத் தகுதியற்றது.