தாயுடன் சிறையில் வளரும் குழந்தைகள்: சட்டமும் நடைமுறையும்

கைக்குழந்தை சிறையில் தாயோடு இருக்கலாமா? சிறைப்பட்ட தாய்மார்களிடமே இதற்கு ஒரே விடை இல்லை. பால்குடி மறவாத பிள்ளையைப் பிரிய முடியாது என்பது ஒரு நிலைப்பாடு. பூட்டிய கதவுக்குள் பிள்ளை வளரக் கூடாது என்பது மற்றொன்று. ராஜீவ் கொலை வழக்கில் கைதான நளினி, 1992இல் சிறைவாசத்தின்போது மகளைப் பெற்றார். சில காலம் தன்னுடன் வைத்திருந்து, பின்னர் உறவினர்களிடம் அனுப்பினார். அம்மகளின் திருமண ஏற்பாட்டுக்காக அவர் 2019இல் பரோல் பெற வேண்டியிருந்தது. எந்த முடிவை எடுத்தாலும் தாய்க்கு இழப்பே.

இதற்கான சட்ட வரையறையை உச்ச நீதிமன்றம் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006 ஏப்ரல் 13 அன்று வகுத்தது. ஆறு வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம். அதைக் கைதியாக நடத்தக் கூடாது. உணவு, மருத்துவம், கல்வி, விளையாட்டு ஆகியவை அதன் உரிமை. பிறப்புச் சான்றிதழில் சிறை என்று குறிக்கக் கூடாது. பெண்களிடையே மட்டும் வளரும் சிறுவர்கள் தம்மைப் பெண்பாலில் குறிப்பிட்டுப் பேசுவதையும், சாலையில் விலங்குகளைக் கண்டால் குழந்தைகள் மிரள்வதையும் அத்தீர்ப்பு பதிவுசெய்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் 1,537 பெண்கள் 1,764 குழந்தைகளுடன் இருந்தனர். அவர்களுள் 1,312 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, இக்குழந்தைகளில் பெரும்பாலோரின் தாய்மார்கள் மீது குற்றம் மெய்ப்பிக்கப்படவே இல்லை.

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இது தொலைதூரச் செய்தியன்று. இங்கு வீட்டில் கருந்திரி, சரவெடி தயாரித்ததாக வழக்குகள் பதிவாவது வாடிக்கை. கூலிக்குத் திரி சுற்றும் பெண் கைதானால், சொத்துள்ள பிணையாளரைத் தேடுவதே முதல் தடை. நிலமற்ற தலித் குடும்பத்துக்கு அத்தகைய பிணையாளர் எளிதில் கிடைப்பதில்லை. அவர் மதுரை மகளிர் சிறையில் அடைக்கப்பட்டால், பார்க்கச் செல்லும் உறவினருக்கு ஒரு நாள் கூலி போகும். குழந்தையை வெளியே வளர்க்க ஆளில்லாதபோது, அது தாயோடு உள்ளே செல்கிறது. இது தாயின் விருப்பமாகாது. வறுமையும் சாதியும் எடுத்த முடிவு.

எனவே, சிறைக்குள் மழலையர் வகுப்பு கோருவதோடு நாம் நிற்கக் கூடாது. பிணையில் விடத்தகாத கடும் குற்றங்களிலும் பெண்ணைப் பிணையில் விட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவு இடமளிக்கிறது. பிணை கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரரைத் தர இயலாதவருக்கு, நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று கூறியது. குழந்தைகளைச் சார்ந்திருக்கச் செய்த தாய்மார்களுக்குச் சிறைக்கு மாற்றான தண்டனையே முதன்மை என்கின்றன ஐ.நா.வின் 2010ஆம் ஆண்டு பாங்காக் விதிகள்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் ஒவ்வொரு தாயின் பிணை நிலையையும் கேட்டறிந்து மனுச்செய்வது, மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் இன்றே தொடங்கக்கூடிய பணி. தாய் வெளியே வந்தால், குழந்தை எங்கே வளர்வது என்ற கேள்வியே எழாது.