சங்கன் - பதுமன் வழக்கும் தமிழ் அளவை மரபும்

சங்கன் - பதுமன் வழக்கு என்பது தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் உள்ள சங்கரநாராயண சுவாமி கோயிலின் தலபுராணத்தில் வரும் சமய வாதம். சிவனே பெரியவர் என்றான் நாக அரசன் சங்கன். திருமாலே பெரியவர் என்றான் மற்றொரு நாக அரசன் பதுமன். வாதம் முடிவுக்கு வராததால் இருவரும் பார்வதியிடம் முறையிட்டனர். அம்மை புன்னை வனத்தில் தவமிருந்தாள். ஆடி மாத உத்திராட நாளில் சிவன், வலப்பாகம் தானும் இடப்பாகம் திருமாலுமாகக் காட்சி அளித்தார். ஆண்டுதோறும் நடக்கும் ஆடித்தபசு விழா இதன் நினைவே. கோயிலைக் கட்டியவன் உக்கிர பாண்டியன் என்பது மரபு.

இக்கதையில் வாதத்தால் எவரும் வெல்லவில்லை. நாகர்கள் கூறிய காரணங்களைவிட அவர்கள் கொண்ட பற்றே கதையில் தெரிகிறது. தீர்ப்பும் காட்சியாகவே வந்தது. இதுபோன்ற வழக்குகளை ஆராய்வதற்குத் தமிழில் தனியாக ஒரு நூல் மரபு இருந்தது.

அளவை

ஒன்றை உண்மை என்று அறிவதற்கான வழி அளவை (பிரமாணம்) எனப்பட்டது. தமிழில் இதை விரிவாகப் பேசும் பழைய நூல் மணிமேகலை. அதன் விழாவறை காதையில், சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிடலாம் என்றும், பகைவரிடமும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்ல வேண்டும் என்றும் புகார் நகரில் முரசறையப்படுகிறது. வாதத்துக்கு இடமும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு.

27-ஆம் காதையில் அளவைவாதி காண்டல், கருதல், உவமம், ஆகமம் முதலாகப் பத்து அளவைகளைச் சொல்கிறான். 29-ஆம் காதையில் அறவண அடிகள் கூறும் பௌத்த அளவை, காண்டல், கருதல் என்ற இரண்டை மட்டுமே ஏற்கிறது. இது திங்நாகரின் மரபை ஒட்டியது என்பதால், மணிமேகலையின் காலம் பற்றிய ஆய்வுகளில் இந்தக் காதை முக்கியச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. வாதப் பிழைகளும் இங்கே எண்ணித் தரப்படுகின்றன: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10.

ஏதுப்போலிகளில் ஒன்று, எதிர்வாதி ஏற்காத ஒன்றைக் காரணமாகக் காட்டுவது. ஒலி செய்யப்படுவது, ஆகவே அழியக்கூடியது என்று சாங்கியனிடம் வாதிட முடியாது. ஒலி புதிதாகச் செய்யப்படுவதில்லை, ஏற்கனவே உள்ளது வெளிப்படுகிறது என்பது அவன் கொள்கை. சங்கனின் வழக்கும் பதுமனின் வழக்கும் இங்கேதான் நின்றுவிடும். தன் ஆகமத்திலிருந்து ஒருவன் எடுக்கும் காரணத்தை மற்றவன் காரணமாகவே ஏற்கமாட்டான். இருவருக்கும் பொதுவான ஏது கிடைக்கும்வரை, குரலை உயர்த்துவதால் வாதம் ஒரு படிகூட நகராது.

சித்தியாரும் சிவஞான முனிவரும்

13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்கிறது. அதன் பரபக்கம் 14 பிற மதங்களை மறுக்கிறது. அவற்றுள் திருமாலைப் பரம்பொருளாகக் கொள்ளும் பாஞ்சராத்திரமும் ஒன்று. எதிர்த்தரப்பின் கொள்கையை முதலில் முழுமையாகச் சொல்லி, பிறகே மறுப்பது இந்நூலின் முறை. சைவச் சார்பு வெளிப்படையானதுதான். ஆயினும் எதிராளி என்ன சொன்னான் என்பது வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. தலபுராணத்தில் பதுமனுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை, சங்கனுக்கும் கிடைக்கவில்லை.

சங்கரன்கோவிலுக்குத் தெற்கே, பொருநைக் கரையில் உள்ள விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் சிவஞான முனிவர் (மறைவு 1785). திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த இவர், அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். சித்தியார் சுபக்கத்துக்கு உரையும் எழுதினார். தருக்கம் கற்றவர் உணர்ச்சியே இல்லாமல் எழுதினார் என்று சொல்ல முடியாது. வைத்தியநாத தேசிகரின் இலக்கண நூலுக்கு எழுதிய மறுப்புக்கு அவர் இட்ட பெயர் 'இலக்கண விளக்கச் சூறாவளி'. பெயரில் காற்று பலமாகவே வீசுகிறது. நூலின் உள்ளே வாதம் சூத்திரம் சூத்திரமாக நடக்கிறது. சித்தியாரில் வரும் 'எடுத்து' என்ற ஒரு சொல்லின் பொருளுக்காகவே அவர் தனி நூல் ஒன்றும் எழுதினார். அதன் பெயர் வைரக்குப்பாயம்.