முதலாண்டு வேதியியலும் பெரியாறு அணையும்

"மெக்கானிக்கல் படிக்க வந்தவனுக்கு எதுக்கு சார் கெமிஸ்ட்ரி?" நம் கல்லூரி முதலாண்டு வகுப்புகளில் இந்தக் கேள்வி புதிதல்ல. பாஸ் மார்க் வாங்கினால் போதும் என்று படித்தவர்கள்தான் நம்மில் அதிகம். இதற்கான பதில் மதுரைக்கு மேற்கே மலையில் 1895ஆம் ஆண்டிலிருந்து நின்றுகொண்டிருக்கிறது. மேலூரில் நாற்று நடுவதும், வைகைப் பாசனத்தில் நெல் விளைவதும் அதை நம்பித்தான்.

அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள நாம் பார்க்கவேண்டியது சுண்ணாம்பை.

சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். காளவாசலில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. 44 கிலோ காற்றோடு போய்விடும். எடை குறைவதற்குக் காரணம் ஒரு வாயுதான் என்று 1756இல் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் நிறுத்துக் காட்டினார். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுப்போகும். அதைச் சுவரில் பூசினால் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். கல்லில் தொடங்கிக் கல்லில் முடிகிற சக்கரம் இது.

இந்தச் சக்கரத்தின் அழகைப் பார்க்க வேண்டுமானால் 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மஹாலுக்குப் போகலாம். செங்கல்லும் காரையும் கொண்ட கட்டடம். மேலே முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. காரையில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது நம் கொத்தனார்கள் வழக்கம். சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும் என்று வேதியியல் சொல்கிறது. அவர்கள் அதைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள்.

ஆனால் இந்தச் சுண்ணாம்புக்கு ஒரு பெரிய குறை உண்டு. காற்று படாத இடத்தில் அது இறுகாது. தண்ணீருக்குள் வைத்துக் கட்டினால் கரைந்துதான் போகும். இங்கிலாந்தில் கடல் நடுவே எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்ட 1756இல் பொறுப்பேற்ற ஜான் ஸ்மீட்டனுக்கு இதுதான் தலைவலி. அவர் பல ஊர்ச் சுண்ணாம்புக் கற்களை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் பார்த்தார். களிமண் கசடு மிஞ்சுகிற கல்தான் தண்ணீருக்குள்ளும் இறுகும் சுண்ணாம்பைத் தருகிறது என்று கண்டுபிடித்தார். ஒரு என்ஜினியர் செய்த கெமிஸ்ட்ரி பிராக்டிகல் அது! அந்தப் பாதையில்தான் 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

இப்போது நம் மலைக்கு வருவோம். மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பும் வேலையை 1887இல் கர்னல் ஜான் பென்னிகுயிக் தொடங்கினார். இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முயற்சி 1904இல்தான் சென்னையில் ஆரம்பித்தது. அதற்கு முன்பு சிமெண்ட் என்றால் கப்பலில் வரவேண்டும். காட்டுக்குள் மலைமேல் ஏற்றவும் வேண்டும். எனவே அணையின் உள்பகுதி சுண்ணாம்பு, சுர்க்கி, கல் ஜல்லி சேர்ந்த கான்கிரீட்டால் கட்டப்பட்டது.

சுர்க்கி என்பது வேறொன்றுமில்லை, சுட்ட செங்கல் பொடிதான். ஆனால் வேலையைச் செய்வது அதுதான். அளவாகச் சுட்ட களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் ஈரத்தில் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சிலிக்கேட் போன்ற கரையாத பொருள்களாக மாறும். இதற்குக் காற்று வேண்டாம், தண்ணீர் போதும். அடியில் நூறு அடிக்கு மேல் கனமுள்ள அணையின் நடுவயிற்றுக்குக் காற்று எங்கே போய்ச் சேரும்? சுர்க்கி இல்லாவிட்டால் உள்ளே சுண்ணாம்பு பச்சையாகவே கிடந்திருக்கும்.

இருந்தாலும் எல்லாச் சுண்ணாம்பும் சுர்க்கியோடு சேர்ந்துவிடுவதில்லை. மிச்சம் இருப்பது கசிவு நீரில் கரையும். லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான், ஆனால் கசிவு நிற்காது. அதுவும் மலை மழைநீர் மென்னீர். நம் போர்வெல் தண்ணீர் மாதிரி அதில் ஏற்கெனவே கால்சியம் இல்லை. ஆகவே 1930களிலேயே அணையில் துளைபோட்டுச் சிமெண்டுப் பால் செலுத்தினார்கள். 1979இல் பாதுகாப்புப் பற்றிய அச்சத்தால் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பிறகு மேலே கான்கிரீட் தொப்பி, உள்ளே இரும்புக் கம்பி வட நங்கூரம், பின்புறம் கான்கிரீட் தாங்கல் என்று பலப்படுத்தினார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் அணை பாதுகாப்பானது என்று ஏற்று 142 அடிக்கு அனுமதித்தது. ஐந்து மாவட்ட விவசாயியின் வயிறும், அணைக்குக் கீழே இடுக்கியில் உறங்கும் குடும்பத்தின் பயமும் அந்தச் சில அடிகளில் இருக்கின்றன.

அந்த வழக்கில் வாதிக்கப்பட்ட விஷயங்களில் ஒன்று என்ன தெரியுமா? கசிவு நீரில் எவ்வளவு சுண்ணாம்பு வெளியேறுகிறது என்பதுதான். தண்ணீரில் கால்சியம் அளப்பதற்கு முதலாண்டு லேபிலேயே நமக்கு வழி சொல்லித் தருகிறார்களே! பியூரெட்டில் இ.டி.டி.ஏ., பிளாஸ்கில் தண்ணீர், ஒயின் சிவப்பு நீலமாகும் வரை சொட்டுச் சொட்டாக. பக்கத்து டேபிள்காரனின் ரீடிங்கைப் பார்த்து எழுதிவிடலாம் என்று தோன்றுகிற அதே பரிசோதனை.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசி, ஈரத்தை உள்ளேயே அடைத்து, சுவர் பொரிந்து உதிர்வதை நம் ஊரிலேயே பார்க்கலாம். பொருளின் குணம் தெரியாமல் செய்த ரிப்பேர் அது. நாளை உங்களில் ஒருவர் ஏதோ ஒரு அணையின் கசிவு நீரைப் பாட்டிலில் பிடித்து முடிவு சொல்ல வேண்டிவரும். அந்த ரீடிங்கை நம்பித்தான் கீழே ஊர் தூங்கும். ஆகையால் பியூரெட்டைக் கவனமாகப் பாருங்கள்.