எண்ணெய்த் தேவையும் வெளிநாட்டுக் கொள்கையும்: இலங்கையின் அனுபவம்

ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கையை அதன் பூகோள அமைவு, வரலாறு, ஆட்சியாளரின் கருத்தியல் ஆகியன உருவாக்குகின்றன என்பர். 1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெயை அரசியற் கருவியாகக் கையாண்ட பின்னர், எரிபொருள் இறக்குமதியும் இக்காரணிகளுள் ஒன்றாக எண்ணப்படலாயிற்று. எண்ணெய்க்குப் பிறரை நம்பியிருக்கும் நாடு சுயமாக முடிவெடுத்தல் இயலுமா என்னும் வினாவை இலங்கையின் வரலாறு கொண்டு ஆராய்தல் பயனுடைத்து.

1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. அதுகாறும் எண்ணெய் வணிகம் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் என்னும் மேனாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 1962இல் அவற்றின் சொத்துக்களுள் ஒரு பகுதியைப் பொறுப்பேற்றது. நட்டஈட்டுப் பிணக்குத் தீராமையால், 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா ஹிக்கன்லூப்பர் திருத்தத்தின்கீழ் இலங்கைக்கான உதவியை நிறுத்திற்று. அத்திருத்தம் முதன்முதலாகப் பிரயோகிக்கப்பட்டது இலங்கை மீதேயாம். ஆயினும் அரசாங்கம் பின்வாங்கவில்லை. சோவியத் ஒன்றியம் மலிவாக எண்ணெய் விற்க முன்வந்தமை அதன் துணிவுக்கு ஆதாரமாயிற்று. 1965இல் பதவியேற்ற டட்லி சேனநாயக்கவின் அரசாங்கமோ நட்டஈட்டுக்கு உடன்பட்டது, உதவியும் மீண்டது. எண்ணெய்த் தேவை இரு அரசாங்கங்களுக்கும் ஒன்றே, கொள்கைகள் வேறு.

இஸ்ரேல் தொடர்பான வரலாறும் இதனையே உணர்த்தும். கொழும்பிலிருந்த இஸ்ரேலிய இராஜதந்திரப் பணிமனை 1970இல், அதாவது அரபு எண்ணெய்த் தடைக்கு மூன்றாண்டுகள் முன்னரே, மூடப்பட்டது. மாறாக, மத்திய கிழக்கின் எண்ணெயிலும் வேலைவாய்ப்பிலும் நாடு பெரிதும் தங்கியிருந்த 1984இல், ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் இஸ்ரேலிய நலன் பேணும் பிரிவொன்றை அமெரிக்கத் தூதரகத்தில் அனுமதித்தது. உள்நாட்டுப் போருக்கான உதவி அப்போது எண்ணெயினும் முதன்மை பெற்றது.

ஆயின், எண்ணெய்க்கு ஆற்றலே இல்லையெனக் கொள்ளுதலும் தவறாகும். 1969இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தச் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகெண்ணெய்க்கு ஏற்றவாறு அமைந்தது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் ஈரான் மீதான அமெரிக்கத் தடைகள் கடுமையாயினபோது இலங்கை இடர்ப்பட்டது. ஈரானியக் கொள்வனவைக் குறைத்த பின்னரே 2012 ஜூனில் விலக்குப் பெற்றது. ஓர் ஆலையின் அமைப்பே இராஜதந்திரத்தின் எல்லையாயிற்று.

2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது இவ்வெல்லை மேலும் குறுகிற்று. அவ்வாண்டு ஜனவரியில் திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள் பற்றிய உடன்படிக்கை இந்தியத் தரப்புடன் கைச்சாத்தாயிற்று; பெப்ரவரியில் எரிபொருளுக்கென 50 கோடி டொலர் இந்தியக் கடன் கிடைத்தது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தமை சிந்தித்தற்குரியது.

இவற்றின் சுமை யார்மீது விழுகின்றது என்பதற்குப் புத்தளம் மாவட்டக் கரையோரத் தமிழ்க் கிராமமாகிய உடப்பு சான்றாகும். கடற்றொழிலே இவ்வூரின் உயிர்நாடி. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் மண்ணெண்ணெயினால் இயங்குவன. 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து அயலூராகிய சிலாபத்தில் மீனவர் கிளர்ந்தனர். துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் மாண்டார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றரொன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. கரைவலை இழுப்போர் ஓரளவு தப்பலாம். படகேறித் தொழில் செய்வோருக்கோ மாற்றுவழி அரிது.

எனவே, எண்ணெய்த் தேவை ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை செல்லும் திசையைத் தானே தீர்மானிப்பதில்லை. அத்திசையில் செல்வதற்குக் கொடுக்கவேண்டிய விலையையே தீர்மானிக்கின்றது. விற்போர் பலராகவும் திறைசேரியில் செலாவணி போதியதாகவும் இருக்கையில் அவ்விலை தாங்கத்தக்கது. இவையிரண்டும் இல்லாதவிடத்து அணிசேராமை வெறும் சொல்லாகவே எஞ்சும். அதன் விலையைக் கரையோர மீனவனே செலுத்துவான்.