சமன்பாட்டு அளவிணைப்பு

சமன்பாட்டு அளவிணைப்பு என்பது, கேட் (CAD) எனும் கணினிவழி வடிவமைப்பு மென்பொருளில் ஓர் அளவை நேரடி எண்ணாகத் தராமல், மற்றோர் அளவைச் சார்ந்த சூத்திரமாகத் தரும் வடிவமைப்பு முறை. தலைமை அளவை மாற்றினால் சார்ந்தவை தாமே திருந்தும்.

பள்ளிகொண்டாவை உள்ளடக்கிய வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்தின் காலணித் தொழிலில் இதற்கு இணையானது கிரேடிங் எனும் சைஸ் பெருக்கம். பாரிஸ் பாயின்ட் எனும் காலணி அளவு முறையில் ஒரு சைஸ் என்பது 2/3 செ.மீ. எனவே லாஸ்ட் எனும் கால்வடிவ அச்சின் நீளம் = சைஸ் × 20/3 மி.மீ.; 39க்கு 260, 42க்கு 280. சுற்றளவுக்குத் தனிச் சூத்திரம் உண்டு. ஆனால் தையலுக்கு விடும் ஓரமும் பக்கிளின் அகலமும் பொதுவாக மாறுவதில்லை, அவை மாறிலிகள். வரைபடத்தை ஒட்டுமொத்தமாகப் பெரிதாக்கினால் இவையும் பெருத்து, வெட்டிய தோல் வீணாகும். சூத்திரத்தின் பயன் பெரிதும் இங்குதான்.

இரண்டு அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தால் சுழல் பிழை எழும்.

ஐவன் சதர்லேண்டின் ஸ்கெட்ச்பேட் எனும் வரைபட நிரல் (1963) வடிவக் கட்டுப்பாடுகளுக்கு முன்னோடி. 1980களின் இறுதியில் புரோ/எஞ்சினியர், 1995இல் சாலிட்வொர்க்ஸ் ஆகிய கேட் மென்பொருள்கள் அளவுசார் வடிவமைப்பைத் தொழிற்கூடங்களில் பரப்பின.