தூங்கினா மட்டும் தெரியுற வலிப்பு

இன்னைக்கு கதை 1971-ல, பிரான்ஸ் நாட்டு மார்செய் நகரத்துல நடக்குது. அதுக்கு முன்னாடி ரெண்டு ஊர் போயிட்டு வந்துடலாம்.

முதல்ல ஜெர்மனியின் யேனா. 1924-ல ஹான்ஸ் பெர்கர்ங்கிற மனநல மருத்துவர் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலா பதிவு பண்ணார். வெளியிட்டது 1929-ல. அதுதான் இ.இ.ஜி.

அடுத்தது 1957, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். அங்க வில்லியம் லாண்டாவ், ஃப்ராங்க் கிளெஃப்னர்னு ரெண்டு பேர் ஒரு விசித்திரமான நோயை விவரிச்சாங்க. நல்லா பேசிட்டிருந்த குழந்தை பேச்சை இழந்துடும். பேர் சொல்லிக் கூப்பிட்டாக்கூட திரும்பாது. காது கேட்கலைன்னுதான் யாருக்கும் தோணும். ஆனா கோளாறு காதுல இல்ல, கேட்ட சத்தத்தைச் சொல்லாகப் புரிஞ்சுக்கிற மூளைப் பகுதியில. இந்த நோய் இருக்கிற சில குழந்தைகளுக்கு வெளியில தெரியுற வலிப்பே வராது.

இப்போ மார்செய். பாட்ரி, லியாகூபி, தஸ்ஸினாரி மூணு பேரும் ஆறு குழந்தைகளைப் பத்தி எழுதினாங்க. முழிச்சிருக்கும்போது பதிவு ஓரளவு அமைதியா இருக்கு. குழந்தை தூங்கின உடனே வலிப்பு அலைகள் விடாம ஓட ஆரம்பிக்குது. ஆழ்ந்த தூக்கத்தின் 85 சதவீதத்துக்கும் மேல இதேதான். கை கால் எதுவும் இழுக்காது. பக்கத்துலயே அம்மா படுத்திருந்தாலும் தெரியாது. காலையில எழுந்தா அலைகள் அடங்கிடும். இப்படியே ராத்திரிக்கு ராத்திரி, மாசக்கணக்கா, சிலருக்கு வருஷக்கணக்கா.

சரி, தூக்கத்துல ஓடுற அலை பேச்சையும் படிப்பையும் ஏன் கெடுக்கணும்? டொனோனியும் சிரெல்லியும் முன்வைத்த ஒரு கருதுகோள் இருக்கு. பகல்ல கத்துக்கிறப்போ நரம்பு இணைப்புகள் வலுவாகுது. ஆழ்ந்த தூக்கம் அதையெல்லாம் அளவாக் குறைச்சு ஒழுங்குபடுத்துது. நம்ம சர்வர்ல நைட் ஓடுற பேட்ச் ஜாப் மாதிரி. அந்த ஜாப் தினமும் ஃபெயில் ஆனா? பகல்ல சேர்த்தது தங்காது. இன்னும் முழுசா நிரூபணம் ஆகல, ஆனா எனக்கு இது நியாயமாப் படுது.

2009-ல தஸ்ஸினாரி குழுவினர் இதை 'பெனலோப்பி சிண்ட்ரோம்'னு சொன்னாங்க. ஹோமரின் ஒடிசியில வர்ற பெனலோப்பி பகல்ல துணி நெய்வா, ராத்திரி அதையே பிரிப்பா. அழகான பேர்தான். ஆனா அவ தன்னைக் காப்பாத்திக்க வேணும்னே பிரிச்சா. இந்தக் குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லையே!

2013-ல கிரின்2ஏ மரபணுவில் வர்ற மாற்றம் சில குழந்தைகளுக்குக் காரணம்னு தெரிஞ்சது. நோயின் அதிகாரப்பூர்வப் பேரோ, ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க் மாதிரி மாறிட்டே இருக்கு. கடைசியா 2022-ல மாத்தினாங்க.

வளரிளம் பருவத்துல இந்த அலைகள் பெரும்பாலும் தானா அடங்கிடும். இழந்த பேச்சும் படிப்பும் எல்லாருக்கும் முழுசாத் திரும்புறதில்ல. அதனாலதான் வெளியில வலிப்பே வரலைன்னாலும் ஸ்டீராய்டு, கிளோபசாம் மாதிரி மருந்து கொடுத்துப் பார்க்கிறாங்க. அதுக்கு முதல்ல நோய் கண்ணுல படணும். "முந்தின நாள் ராத்திரி குழந்தையைக் கொஞ்ச நேரம் மட்டும் தூங்க விட்டு, மறுநாள் கூட்டிட்டு வாங்க"ன்னு இ.இ.ஜி. லேப்ல சொல்றது இதுக்குத்தான். அங்க வந்து அது தூங்கணும்.